“எஃப்டிஏ இருக்கா?” – டர்பனில் பல் இம்ப்ளான்ட் கோப்புகளோடு சில வருடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல் மருத்துவரைப் பார்க்கப் போனால், இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பெட்டியை மேசையில் வைப்பதற்குள் வரும் கேள்வி ஒன்றுதான்: “எஃப்டிஏ இருக்கா?” இல்லாவிட்டால், “சிஇ இருக்கா?” முதலாவது அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, இரண்டாவது ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது என்ற முத்திரை. இருக்கிறது என்றதும் பேச்சு விலைக்குப் போய்விடும். எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. எந்த விட்டத்துக்கு, எந்த நீளத்துக்கு, எந்தக் கோணத்து அபட்மென்ட்டோடு (இம்ப்ளான்ட்டுக்கு மேலே பல்லைத் தாங்கும் துண்டு), எந்தப் பேக்கிங்கில், வாயில் எந்த இடத்துக்கு? நான் சம்பளம் வாங்குவது இந்த ‘எதற்கு’க்குப் பதில் எழுதத்தான்.

என் ஊர் கோவை. லேத், சிஎன்சி சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன். இப்போது டர்பனை ஒட்டிய பைன்டவுனில் ஒரு சின்ன கம்பெனியில் தரக்கட்டுப்பாடும் அனுமதிக் கோப்புகளும் பார்க்கிறேன். முதலாளியை எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். கரும்புத் தோட்ட வேலைக்கு டொங்காட் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம், இவர் நாலாவது தலைமுறை. வீட்டில் தமிழ் என்று மிஞ்சியிருப்பது உறவுமுறைப் பெயர்களும் சமையல் பெயர்களும் கோயில் பாட்டும்தான். என்னைத் “தம்பி” என்பார், மற்றதெல்லாம் டர்பன் இங்கிலீஷ். ஆரம்பத்தில் வெளிநாட்டு இம்ப்ளான்ட்களை இறக்குமதி செய்து விற்றார். அப்புறம் அபட்மென்ட், ஸ்க்ரூ என்று சொந்தமாகக் கடைய ஆரம்பித்து, கடைசியில் சொந்த இம்ப்ளான்ட் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நின்றார். இந்த நாட்டில் அது நடக்காத காரியம் இல்லை. பிரிட்டோரியா பக்கம் ஐரீனில் இருக்கும் சதர்ன் இம்ப்ளான்ட்ஸ் 1987-இல் தொடங்கிய கம்பெனி, இன்று அமெரிக்கா வரை விற்கிறது.

சொந்தச் சரக்குக்குப் போவதற்கு முன்னால், அடுத்தவர் சரக்குக்கு வந்த காகிதங்களைப் படித்த காலம்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பாளர் எங்களுக்கு மாதிரிப் பெட்டியும் ஒரு கோப்பும் அனுப்பினார். மேலேயே தங்க ஓரம் போட்ட ஒரு சான்றிதழ். நடுவில் கழுகு, கீழே கையெழுத்து, ‘எஃப்டிஏ பதிவுச் சான்றிதழ்’ என்ற தலைப்பு. அங்கிளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம் என்றார். விஷயம் என்னவென்றால் அமெரிக்க எஃப்டிஏ அப்படி ஒரு சான்றிதழே கொடுப்பதில்லை. தொழிற்சாலையைப் பதிவு செய்வது, பொருளைப் பட்டியலில் சேர்ப்பது இரண்டும் கட்டணம் கட்டி ஆன்லைனில் எவரும் செய்யக்கூடியவை. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ‘எங்களுக்கு அங்கீகாரம் உண்டு’ என்று காட்டுவது அமெரிக்க விதிப்படியே தப்பு. கழுகுப் படம் போட்ட தாளை அச்சடித்துக் கொடுப்பவர்கள் தனியார் ஏஜென்டுகள்.

பார்க்க வேண்டியது 510(கே) எண், அதாவது ஒரு பொருளை அமெரிக்காவில் விற்க எஃப்டிஏ கொடுக்கும் அனுமதியின் எண். கே என்ற எழுத்து, பின்னால் ஆறு இலக்கம். முதல் இரண்டு இலக்கம் விண்ணப்பம் போன ஆண்டு. எஃப்டிஏவின் இணையத் தரவுத்தளத்தில் அதைத் தட்டினால் கம்பெனி பெயர், தேதி, பொருள் வகைக் குறியீடு எல்லாம் வரும். இம்ப்ளான்ட்டுக்கு டிஇசட்இ, அபட்மென்ட்டுக்கு என்ஹெச்ஏ. பெரும்பாலானவற்றுக்கு ஒரு சுருக்க அறிக்கையும் பிடிஎஃப்பாக இருக்கும். காசு கிடையாது, லாகின் கிடையாது. அந்தத் தயாரிப்பாளருக்கு ஒரு கே எண் உண்மையிலேயே இருந்தது. ஆனால் சுருக்க அறிக்கையைப் படித்தால் அனுமதி வாங்கியிருப்பது அவர்களுடைய பழைய இம்ப்ளான்ட் குடும்பத்துக்கு. எங்களுக்கு அனுப்பிய புது மாடலில் அபட்மென்ட் உட்காரும் இணைப்பு வேறு, மேற்பரப்பு வேறு. இது ரேஷன் கார்டு மாதிரி. குடும்பத்துக்குக் கார்டு இருக்கலாம், அதில் பெயர் இல்லாத ஆளுக்கு அரிசி கிடையாது. அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பினோம்.

சிஇ விஷயத்திலும் இதே கண்தான் வேண்டும். எலும்பில் பதிந்து வருடக்கணக்கில் இருக்கும் இம்ப்ளான்ட், ஆபத்தின் அளவுப்படி ஐரோப்பாவில் 2பி வகை. தயாரிப்பாளர் தானாகவே சிஇ குத்திக்கொள்ள முடியாது, ஒரு நோட்டிஃபைடு பாடி (இதற்கென்று நியமிக்கப்பட்ட சோதனை அமைப்பு) சோதித்துக் கொடுக்க வேண்டும். அதனால் லேபிளில் சிஇ-க்குப் பக்கத்தில் நாலு இலக்க எண் இருந்தாக வேண்டும். 0123 என்றால் டியூஃப் சூட், 2797 என்றால் நெதர்லாந்து பிஎஸ்ஐ. இம்ப்ளான்ட் பெட்டியில் எண் இல்லாத வெறும் சிஇ இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்து, சான்றிதழ் பழைய ஐரோப்பிய டைரக்டிவ் காலத்ததா, அதற்குப் பதிலாக வந்த எம்டிஆர் என்ற மருத்துவக் கருவி விதிக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். எம்டிஆர் 2021 மே 26 முதல் அமலில் இருக்கிறது. பழைய சான்றிதழ்களுக்கு 2023-இல் கெடு நீட்டினார்கள். இம்ப்ளான்ட் வகைக்கு அது 2027 டிசம்பர் 31 வரை போகிறது. ஆனால் நீட்டிப்பு தானாக வராது. 2024 மே 26-க்குள் விண்ணப்பம், செப்டம்பர் 26-க்குள் நோட்டிஃபைடு பாடியோடு ஒப்பந்தம் என்று நிபந்தனைகள் உண்டு. காலாவதித் தேதி தாண்டிய சான்றிதழைக் காட்டி “நீட்டிப்பு இருக்கு” என்று ஒருவர் சொன்னால், நோட்டிஃபைடு பாடி கொடுத்த உறுதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். இருப்பவர்கள் மறு ஈமெயிலிலேயே அனுப்பிவிடுவார்கள்.

தென்னாப்பிரிக்கப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குழப்பம் ஒரே ஒரு இடத்தில்தான். இங்கே மருத்துவக் கருவிகளுக்கான விதிமுறைகள் 2016 டிசம்பரில் வந்தன. மேற்பார்வை 2018 முதல் சாப்ரா என்ற மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பிடம். கருவிகள் ஏ, பி, சி, டி என்று நாலு வகுப்பு, எலும்பில் வைக்கும் இம்ப்ளான்ட் சி. இறக்குமதி செய்பவருக்கும் தயாரிப்பவருக்கும் லைசன்ஸ் வேண்டும், அது ஐந்து வருடத்துக்குச் செல்லும். விற்கப்போகும் கருவிகளின் பட்டியலை அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொறுப்பேற்க இந்த நாட்டில் குடியிருக்கும் ஒரு ஆள், தரமுறைக்கு ஐஎஸ்ஓ 13485, வெளிநாட்டு அனுமதிச் சான்று, இவையெல்லாம் கேட்பார்கள். வெளிநாட்டு அனுமதி என்றால் ஆஸ்திரேலியா, பிரேசில், கனடா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அமெரிக்கா இவற்றுக்கு மதிப்பு. குழப்பம் எங்கே என்றால், அந்த லைசன்ஸ் கம்பெனிக்கானது. ‘சாப்ரா அங்கீகரித்த இம்ப்ளான்ட்’ என்று நோட்டீஸ் அடித்து விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனி விற்கத் தகுதியானது என்பதும், ஒரு குறிப்பிட்ட இம்ப்ளான்ட் சோதித்து அனுமதிக்கப்பட்டது என்பதும் ஒன்றில்லை. அதனால்தான் சொந்த இம்ப்ளான்ட் என்றதும் அமெரிக்க 510(கே) பக்கம் போனோம். அது பொருளுக்கே வாங்குவது.

510(கே) என்பது புதிதாக ஒன்றை நிரூபிக்கும் வேலை கிடையாது. ஏற்கெனவே சட்டப்படி சந்தையில் இருக்கும் ஒரு பொருளைக் காட்டி, எங்களுடையது பாதுகாப்பிலும் செயலிலும் அதற்குச் சமம் என்று காட்டும் வேலை. வேர் வடிவ இம்ப்ளான்ட்களை எஃப்டிஏ 2004 மே மாதத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கியதால் எங்களைப் போன்ற சின்ன கம்பெனிகளுக்கு இந்த வழி நிலைத்தது. பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965-இல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு டைட்டானியம் வைத்ததிலிருந்து அதற்குள் நாற்பது வருட அனுபவம் சேர்ந்துவிட்டது.

இங்கேதான் அங்கிளுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவருடைய பட்டியலில் 3.0 மி.மீ. முதல் 6.0 வரை எல்லா விட்டமும், 6 மி.மீ. குட்டை இம்ப்ளான்ட்டும், 35 டிகிரி வளைந்த அபட்மென்ட்டும் இருந்தன. “எல்லாம் சேர்த்து ஒரே ஃபைலாப் போடு தம்பி, ஒரே ஃபீஸ்தானே” என்பது அவர் கணக்கு. வியாபாரி மூளைக்கு அது சரியான கணக்குத்தான். ஆனால் எஃப்டிஏவின் 2004 வழிகாட்டியில் சில எல்லைக்கோடுகள் உண்டு. விட்டம் 3.25-க்குக் கீழே, நீளம் 7-க்குக் கீழே, கோணம் 30 டிகிரிக்கு மேலே போனால் ஆய்வகச் சோதனை மட்டும் போதாமல் மருத்துவத் தரவும் கேட்க வாய்ப்பு உண்டு. பட்டியலில் மூன்று உருப்படிகள் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்காகக் கேள்வி வந்தால் கோட்டுக்குள் இருக்கும் மற்ற எல்லாமும் சேர்ந்து காத்திருக்கும். மூன்றையும் எடுத்துவிட்டு 3.5-இலிருந்து ஆரம்பிக்கலாம், அபட்மென்ட் 25 டிகிரியோடு நிற்கட்டும் என்றேன். அங்கிளுக்கு மனசே இல்லை. “சின்ன வாய்க்கு என்ன விக்கிறது?” என்று கேட்டார். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மருத்துவர் ஒருவர் 3.0 தான் வேண்டும் என்று அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அலுவலகத்து அம்மா ஒருவர் மூன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு விற்பனை வரும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் இறங்கிவந்தார். முதல் விண்ணப்பத்தில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதற்கு அதிக நேரம் செலவழியுங்கள் என்று புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது அதனால்தான்.

சோதனைகளில் எல்லாரும் கேட்பது ஐஎஸ்ஓ 14801, களைப்புச் சோதனை. மெல்லும்போது இம்ப்ளான்ட் ஒரே அடியில் உடைவது அபூர்வம், லட்சக்கணக்கான சின்ன அடிகளில்தான் விரிசல் விடும். அதனால் இம்ப்ளான்ட்டை 30 டிகிரி சாய்த்துப் பிடித்து, மேலே அரைக்கோளத் தொப்பி மாட்டி, அழுத்தி விட்டு அழுத்தி விட்டு எண்ணுவார்கள். உலர் காற்றில் 50 லட்சம் சுழற்சி, அதிகபட்சம் வினாடிக்கு 15. உப்புநீரில் என்றால் 20 லட்சம், வினாடிக்கு 2-க்கு மேல் கூடாது. கணக்குப் போட்டால் காற்றில் ஒரு மாதிரிக்கு நாலு நாளுக்குக் கொஞ்சம் குறைய ஆகும், உப்புநீரில் பதினொன்றரை நாள். ஒரு மாதிரி போதாது. குறைந்தது நாலு சுமை அளவு, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மாதிரி, கடைசியாக உடையாமல் நிற்கும் சுமையில் மூன்று. எந்திர வாடகை எங்கே போகிறது என்று இப்போது புரியும்.

மாதிரியைப் பிடிக்கும் விதத்தில்தான் சூட்சுமம். எலும்பு மட்டம் என்று நாம் சொல்லும் இடத்திலிருந்து 3 மி.மீ. கீழே பிடிக்க வேண்டும். ஏனென்றால் காலப்போக்கில் எலும்பு அவ்வளவு தேய்ந்துபோனாலும் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். அழுத்தம் விழும் புள்ளி பிடிப்பிலிருந்து 11 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். 30 டிகிரியில் அதன் நெம்புகோல் தூரம் 5.5 மி.மீ. 250 நியூட்டன் அழுத்தினால் கழுத்தில் விழும் வளைவுத் திருப்பம் 1,375 நியூட்டன் மி.மீ. இந்த எண்ணை ஒப்பீட்டுப் பொருளின் எண்ணோடு வைத்துப் பார்ப்பார்கள். வளைந்த அபட்மென்ட் என்றால் அதன் கோணத்தோடு 10 டிகிரி கூட்டிச் சாய்க்க வேண்டும், எங்கள் 25 டிகிரிக்கு 35. பல ஆய்வகங்களின் கொட்டேஷனில் இந்தப் பத்து டிகிரி பற்றிப் பேச்சே இருக்காது. முன்பணம் கட்டுவதற்கு முன் சோதனைத் திட்டத்தை வாங்கி, பிடிப்பு உயரம், கோணம், 11 மி.மீ. மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதைச் சோதிப்பது என்பது அடுத்த கேள்வி. எல்லா அளவையும் சோதிக்க முடியாது, மிக மோசமான சேர்க்கையைத் தேர்ந்தெடுத்து ஏன் அதுதான் மோசம் என்று நியாயம் எழுத வேண்டும். மெல்லிய இம்ப்ளான்ட், அதிகக் கோணம், உயரமான அபட்மென்ட் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சுவர்க் கனத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் 3.5-க்கும் 4.0-க்கும் உள்ளே ஒரே இணைப்பு, ஒரே ஸ்க்ரூ. அதனால் 3.5-இன் கழுத்துச் சுவர் மெல்லியது, அதுதான் மோசமான சேர்க்கை. அகலமான அளவுகளுக்கு இணைப்பே வேறு என்றால் அதற்குத் தனி நியாயம், சில சமயம் தனிச் சோதனை. வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து திரும்பி வந்த மாதிரிகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். உடைந்தவற்றில் பாதி இம்ப்ளான்ட்டில் உடையவே இல்லை, அபட்மென்ட் ஸ்க்ரூவின் முதல் மரையில் உடைந்திருந்தது. கடைந்தவனுக்கு அது ஒரு செய்தி: அந்த மரையின் அடியில் வளைவு போதவில்லை. டிராயிங்கில் மாற்றி மறுபடி ஓட்டினோம். உடைவது மட்டும் தோல்வி என்று நினைக்காதீர்கள், வளைந்தாலும் தளர்ந்தாலும் தோல்விதான் என்று ஐஎஸ்ஓ 14801 சொல்கிறது.

மேற்பரப்புக்கு வருவோம். எலும்பு பிடித்துக்கொள்ள மணல் வீசி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்குவது வழக்கம். வீசுவது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அது டைட்டானியத்தில் குத்தி நின்றுவிடும். கழுவியபின் என்ன மிச்சம் என்று எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படமும் தனிம ஆய்வும் கேட்பார்கள். படத்தை ஒரே இடத்தில் எடுத்து அனுப்பாதீர்கள். மரையின் உச்சி, பள்ளம், நுனி மூன்றும் வேண்டும், பள்ளத்தில்தான் துகள் தங்கும். எண்டோடாக்சின் (பாக்டீரியா விட்டுச்செல்லும் நச்சு) ஒரு இம்ப்ளான்ட்டுக்கு 20 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் வழுக்குபவர்கள் கழுவும் தண்ணீரைக் கவனிக்காதவர்கள்.

பேக்கிங்தான் டர்பனில் எங்களைப் படுத்தி எடுத்தது. காமா கதிரில் கிருமி நீக்கி, ஐந்து வருடம் என்று லேபிளில் போட வேண்டுமானால், ஐந்து வருடம் கழித்தும் அந்த டைவெக் (காகிதம் போன்ற பிளாஸ்டிக் தாள்) மூடி ஒட்டியே இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஐந்து வருடம் காத்திருக்க முடியாததால் சூட்டில் வைத்து முதுமையாக்குவார்கள். பத்து டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பு என்று எடுத்துக்கொள்வது மரபு. சாதாரண வெப்பநிலை 25, சூட்டடுப்பு 55 என்றால் எட்டு மடங்கு வேகம், ஐந்து வருடம் 228 நாளில் முடியும். நம்மவர்கள் 25 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிப்ரவரியில் டர்பன் கிடங்கில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது 25 கிடையாது. லேபிளில் ‘30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்று எழுதிவிட்டுக் கணக்கை 25-இல் போட்டால் அதிகாரி கேட்பார். 30-இல் போட்டால் வேகம் 5.66 மடங்காகக் குறைந்து 323 நாள் ஆகும். நாங்கள் 30-ஐ எடுத்தோம். மூன்று மாதத்துக்கு மேல் கூடுதல், ஆனால் அந்தக் கேள்வி வரவே இல்லை.

சூட்டடுப்பு ஓடிய காலம் 2023. லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த வருடம். ஒரு நாளில் பலமுறை மின்சாரம் போகும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சூட்டடுப்பு 55-இலிருந்து இறங்கிவிடும். வெப்பநிலைப் பதிவுக் கருவிக்குத் தனி பேட்டரி போட்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வைத்தோம். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கிய நேரத்தை எண்ணாமல் கழித்து, அவ்வளவையும் கடைசியில் சேர்த்து ஓட்டுவது என்று சோதனை தொடங்கும் முன்பே திட்டத்தில் எழுதி வைத்தோம். பிறகு எழுதினால் அது சாக்கு. முன்பே எழுதினால் அது முறை. அறிக்கையோடு மின்வெட்டு நேரங்களின் வரைபடத்தையும் இணைத்தோம். அமெரிக்காவில் இருந்த மதிப்பாய்வாளர் அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, அது பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதோடு நிஜ நேரச் சோதனையும் கூடவே ஓட வேண்டும். சூட்டுச் சோதனை தற்காலிகச் சான்றுதான்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. 2025 நிதியாண்டில் ஒரு 510(கே)-க்கு 24,335 டாலர். தென்னாப்பிரிக்க ராண்டில் மாற்றிப் பார்த்தால் வயிறு எரியும். ஆண்டு வருவாய் 10 கோடி டாலருக்குள் இருந்தால் சின்ன கம்பெனி என்று சான்று வாங்கிக் கால்வாசி கட்டலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கடைசி நிமிடத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்கள் அந்தப் படிவத்தின் ஒரு பகுதியில் சொந்த நாட்டு வரித்துறையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அமெரிக்கப் படிவத்தில் தென்னாப்பிரிக்க அதிகாரி ஏன் முத்திரை குத்த வேண்டும் என்று கவுண்டரில் இருந்த பெண்மணி நியாயமாகவே கேட்டார். அதனால் ஒரு பக்க விளக்கக் கடிதம், எஃப்டிஏ பக்கத்தின் நகல், வரிக் கணக்கு எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். சான்று செப்டம்பர் 30 வரைதான் செல்லும், அக்டோபரில் புது நிதியாண்டு. ஆகஸ்டில் வாங்கி நவம்பரில் விண்ணப்பம் போட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

2023 அக்டோபரிலிருந்து விண்ணப்பத்தை இஸ்டார் என்ற மின்படிவத்தில்தான் போட வேண்டும். அது ஒரு பிடிஎஃப், ஆனால் கட்டத்தை நிரப்பாமல் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது, கேட்காமல் விட்டுப்போக வழியில்லை. மதிப்பாய்வு 90 நாள் என்பார்கள், அது அவர்கள் பக்கத்து நாள். நடுவில் கூடுதல் தகவல் கேட்டு நிறுத்தினால் கடிகாரம் நிற்கும், பதில் சொல்ல நமக்கு 180 நாள் வரை உண்டு. அந்தக் கடிதம் வராதவர்களை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு வந்ததில் பெரிய அறிவியல் கேள்வி குறைவு. லேபிளில் ஒரு நீளம், டிராயிங்கில் வேறு பெயரில் அதே நீளம் என்பது போன்றவைதான் அதிகம். எம்ஆர்ஐ பற்றி வழிமுறைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, அதற்குச் சோதனை எங்கே என்று ஒன்று. அபட்மென்ட்டை மருத்துவமனையிலேயே நீராவியில் சுத்திகரிக்கச் சொல்கிறீர்களே, அந்த நேரமும் வெப்பமும் சோதித்ததா என்று ஒன்று. ஒரு பொருளைப் பற்றிக் கோப்பில் பத்து இடத்தில் எழுதுகிறோம், பத்திலும் ஒரே சொல், ஒரே எண் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் டிராயிங்கே பார்க்காத ஒருவரை உட்காரவைத்து எண்களை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்தக் கணக்குத் தாள் போட்ட அம்மாதான் அதைச் செய்தார், நான் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவற்றை அவர் பிடித்தார்.

கிளியரன்ஸ் கடிதம் வந்த வாரத்திலேயே விற்பனைப் பையன் நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தான்: ‘அன்றே பல், அனைவருக்கும்’. கடிதத்தோடு வந்த பயன்பாட்டு வாசகத்தில் இருப்பது, ஆரம்பப் பிடிப்பு நன்றாக இருந்து கடிக்கும் அழுத்தம் பொருத்தமாக இருந்தால் மட்டும் உடனடியாகப் பல் மாட்டலாம் என்பது. நோட்டீஸை மாற்றினோம். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘எஃப்டிஏ அங்கீகாரம்’ என்றும் போட்டிருந்தான். 510(கே)-க்குக் கிளியரன்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும், அங்கீகாரம் என்பது மூன்றாம் வகுப்புப் பொருள்களுக்கு வேறு வழியில் கொடுப்பது.

வந்த பிறகும் வேலை ஓயாது. ஸ்க்ரூ கடையும் எந்திரத்தை மாற்றினால், பேக்கிங் பிலிம் சப்ளையர் மாறினால், அது பாதுகாப்பைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்க வேண்டும். தொட்டால் புது 510(கே), தொடாவிட்டால் ஏன் தொடவில்லை என்று கோப்பில் ஒரு பக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனையோ கிடங்குகளில் தண்ணீர் புகுந்தது. நனைந்த ஸ்டெரைல் பெட்டியைத் துடைத்து விற்க முடியாது. எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) எந்த அலமாரியில் இருந்தது என்று எழுதி வைத்தவர்கள் நனைந்ததை மட்டும் ஒதுக்கினார்கள், எழுதாதவர்கள் மொத்தத்தையும் கொட்ட வேண்டியிருந்தது.

புகார்கள் வரும்போதுதான் ‘எதற்கு’ மறுபடி முகம் காட்டும். ஒரு மருத்துவர் ஃபோனில் கொதித்தார், உங்கள் ஸ்க்ரூ உடைந்துவிட்டது என்று. பக்கியை (இங்கே சின்ன டிரக்குக்கு அதுதான் பெயர்) எடுத்துக்கொண்டு நேரில் போனேன். உடைந்த துண்டைக் கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது, அந்தத் தலையின் அறுகோணம் எங்கள் அளவே இல்லை. இம்ப்ளான்ட் எங்களுடையது, அபட்மென்ட்டும் ஸ்க்ரூவும் மலிவாக வேறு இடத்தில் வாங்கியது. ‘பொருந்தும்’ என்று விளம்பரம் செய்திருந்தார்கள், பொருந்தவும் செய்தது, மைக்ரான் கணக்கில் ஆடியபடி. நாங்கள் 50 லட்சம் தடவை அழுத்திப் பார்த்தது எங்கள் இம்ப்ளான்ட்டையும் எங்கள் அபட்மென்ட்டையும் சேர்த்து. அந்தச் சேர்க்கையை யாருமே அழுத்திப் பார்த்ததில்லை. புகாரை அப்படியும் முழுசாகப் பதிவு செய்தோம், இரண்டு லாட் எண்களோடு. அமெரிக்காவில் விற்கும் பொருளில் கடுமையான பாதிப்பு என்றால் 30 நாளுக்குள் எஃப்டிஏக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் நம்முடைய குற்றமா என்று தீர்மானித்த பிறகு எழுதலாம் என்று உட்காரக்கூடாது. மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை நோயாளியின் கோப்பில் ஒட்டுங்கள், அபட்மென்ட்டின் ஸ்டிக்கரையும் சேர்த்து. நோயாளிகளும் இம்ப்ளான்ட் கார்டு கேட்டு வாங்கலாம். ஐரோப்பிய விதியில் அது கட்டாயம். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஸ்க்ரூ தளர்ந்தால், எந்த டிரைவர் பொருந்தும் என்று அந்தக் கார்டைப் பார்த்துத்தான் தெரியும்.

அங்கிள் 3.0-ஐ மறக்கவில்லை. இப்போது இரண்டாவது விண்ணப்பம் தயாராகிறது, அது மட்டும் தனியாக. ஸ்க்ரூவையும் இணைப்பையும் அதற்கென்றே சின்னதாக வரைந்திருக்கிறோம். இதே அளவில் ஏற்கெனவே கிளியரன்ஸ் வாங்கியவர்களின் சுருக்க அறிக்கைகளை வரிசையாக அச்சடித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் மருத்துவத் தரவை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், பயன்பாட்டு வாசகத்தை எவ்வளவு சுருக்கிக்கொண்டார்கள் என்று பார்க்க. நாங்கள் எழுதியிருக்கும் வாசகத்தில் மேல் தாடையில் பக்க வெட்டுப்பல், கீழ்த் தாடையில் வெட்டுப்பற்கள், அவ்வளவுதான். கடைவாய்க்கு இல்லை. விற்பனைப் பையனிடம் நோட்டீஸை இப்போதே எழுதச் சொல்லியிருக்கிறேன், அந்த வரியைப் பார்த்துக்கொண்டு.